டெஸ்ட் அக்காவும் பன்னிரண்டாவது பெல்ட்டும்

எங்கள் பெரியம்மாவின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஒரு கப்பலில் கட்டி, அந்தக் கப்பலை முழு வேகத்தில் கிளப்பினால், கப்பல் இருக்கிற இடத்திலேயே நின்று புகை விடும். வேண்டுமானால் துறைமுகம் கொஞ்சம் நகரும். பூகம்பம் எங்கள் தெருவுக்கு வந்தால் முதலில் அவள் அறைக் கதவைத் தட்டி, "உள்ளே வரலாமா?" என்று கேட்கும். "காலைத் துடைச்சிட்டு வா" என்பாள். நான் சொல்வதில் பாதியாவது உண்மை. எந்தப் பாதி என்று மட்டும் கேட்கக் கூடாது.

அளவாகச் சொன்னால், பெரியம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு, உயரம் என் காது வரை, இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல் இறங்கியிருக்கும். தோள் இறங்கியது வேலையால். நாங்கள் குடியிருக்கிற இரண்டு அறைக்கு நேர் கீழே ஒரு பெல்ட் பட்டறை. கால்சட்டை நழுவாமல் கட்டுகிற பெல்ட் இல்லை. ஆறு மாடி, ஏழு மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிக்கிறவர்களும் கண்ணாடி துடைக்கிறவர்களும் இடுப்பிலும் தோளிலும் மாட்டிக்கொள்கிற பாதுகாப்பு பெல்ட். அங்கே எட்டுப் பேர் தைக்கிறார்கள். பெரியம்மா தைப்பதில்லை. தைத்ததை இழுக்கிறாள். அதனால் அவளுக்குப் பட்டறையில் டெஸ்ட் அக்கா என்று பெயர்.

பின்மூலையில் கட்டில் சட்டம் மாதிரி ஓர் இரும்புச் சட்டம் இருக்கிறது. ஒரு முனையில் அசையாத கொக்கி, மறுமுனையில் ஜாக்கி. பெல்ட்டை இரண்டுக்கும் நடுவில் மாட்டி, ஜாக்கியின் நீளக் கைப்பிடியை இடது கையால் அடிப்பாள். அடிக்க அடிக்க பெல்ட் விறைத்துக்கொண்டே போகும். கடிகாரம் மாதிரி ஒரு வட்டத்தில் முள் ஏறும். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டு மூன்று நிமிடம் அப்படியே நிற்பாள். அந்த மூன்று நிமிடமும் கண்ணை இமைக்கவே மாட்டாள் என்று பந்தயம் கட்டி நான் தோற்றிருக்கிறேன். நாற்பத்தோரு தடவை இமைத்தாள்.

ஒரு பெட்டியில் இருபது பெல்ட். பெட்டிக்கு ஒன்று, கை போன இடத்திலிருந்து எடுத்து இழுப்பாள். அது தாங்கினால் அந்தப் பெட்டி பாஸ். பிறகு செய்வதுதான் வேடிக்கை. தாங்கிய பெல்ட்டை, அப்பாவியாக நிற்கிற அந்தப் பெல்ட்டை, பெரிய கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவாள்.

"பாஸானதை ஏன் பெரியம்மா வெட்டுற?" என்று சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

"இழுத்தாச்சு இல்ல? அதோட கதை முடிஞ்சது."

"பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"பார்க்க நீகூடத்தான் நல்லா இருக்க."

இது அவளுடைய ஒரு கிறுக்கு என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிக்கொண்டே இருக்கிறவர்கள், பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்களே, அந்த வகை.

அந்த இழுவைச் சட்டத்தில் ஒரு நாள், "நாள்பட்ட முதுகுவலிக்கு இங்கே இழுத்துவிடப்படும்" என்று எழுதி ஒட்டியது நான்தான். மதியத்துக்குள் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் சட்டையைக்கூடக் கழற்றிவிட்டார். அதற்காக வாங்கிய அறை இன்னும் சூடாக இருக்கிறது. ஆனால் ஜாக்கிக் கைப்பிடியில் பழைய போர்வையைக் கிழித்து, கை வலிக்காமல் பதமாகச் சுற்றி வைத்தது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

பெரியப்பா நாலு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பட்டறையில் பாதி நாள், கட்டிலருகே பாதி நாள் என்று பெரியம்மா ஓடினாள். அப்போது சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "அவ கெட்டி, தாங்குவா" என்று சொல்லிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பெரியப்பா போனபோது அவள் எல்லோர் முன்னாலும் அழவில்லை. உடனே கல்நெஞ்சுக்காரி ஆனாள். நாலாம் நாள் வேலைக்குப் போனாள், அழுத்தக்காரி ஆனாள். வீட்டுக்காரர் எங்கள் தண்ணீர்க் குழாயை அடைத்தபோது தனியாகப் போய் வாசலில் நின்று சத்தம் போட்டாள், திமிர் பிடித்தவள் ஆனாள். எதிர்சாரியில் ஆணி, பூட்டு விற்கிற கடைக்காரரும் பெண்டாட்டி செத்த நாலாம் நாள் கடையைத் திறந்தார். "என்ன ஒரு திடமான மனுஷன்!" என்றார்கள். ஒரே சரக்கு, போர்டு மட்டும் வேறு.

அதிலும் இந்தக் 'கெட்டி' இருக்கிறதே, அதை நான் உற்றுக் கவனித்திருக்கிறேன். அது தனியாக வரவே வராது. பின்னாலேயே ஒரு மூட்டை வரும். "நீ கெட்டி, அதனால மாமனாரை நீயே வெச்சுக்கோ." "நீ கெட்டி, அதனால நீயே போய்ப் பேசிடு." எங்கள் அம்மாவையும் சும்மா விடுவதற்கில்லை. வீட்டில் என்ன கெட்டது நடந்தாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "அக்காகிட்ட சொல்லிடலாம்."

நானும் பத்தாம் வகுப்பும் ஒருவருக்கொருவர் சம்மதித்துப் பிரிந்துவிட்டோம். அதன் பிறகு என்னைக் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்தார்கள். நான் நாலு நாள் போனேன். அஞ்சாவது நாள் போகிற வழியில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் சுவரில் கயிற்றில் பலகை கட்டி உட்கார்ந்து நாலு பேர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நின்ற மேஸ்திரியிடம், "எனக்கும் வேலை குடுங்கண்ணே" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொண்ணு மேல போயி, பாதியில அழ ஆரம்பிச்சா யாரும்மா இறக்குறது?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் ஏறாமல் நான் எப்படித் தூங்குவது? ஒரு வாரம் கீழேயே சுரண்டுகிற வேலை பார்த்தேன். அப்புறம், "சரி, ஏறிக்கோ. ஆனா பெல்ட் உன்னோடது. சொந்தமா கொண்டு வா" என்றார். வீட்டில் இன்னும் கம்ப்யூட்டர் வகுப்புதான். "என்னடி நகத்துல வெள்ளை?" என்று அம்மா கேட்டாள். "கீபோர்டு புதுசும்மா" என்றேன். நம்பிவிட்டாள். அம்மாவை ஏமாற்றுவதில் ஒரு பெருமையும் கிடையாது.

இனி அந்தப் புதன்கிழமை.

இருநூற்று நாற்பது பெல்ட், பன்னிரண்டு பெட்டி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லாரி. வழக்கமாக வெட்டுவதற்கென்றே பன்னிரண்டு கூடுதலாகத் தைப்பார்கள். அந்த முறை பெல்ட் தைக்கிற நாடா உருளையில் எண்ணெய்க் கறை. கறை பட்ட நீளத்தைக் கழித்துவிட்டதால் சரியாக இருநூற்று நாற்பதோடு நாடா தீர்ந்துபோனது. புதன்கிழமை காலை பெரியம்மா பன்னிரண்டையும் இழுத்து முடித்தாள். எல்லாம் தாங்கின. கத்தரி சாணைக்குப் போயிருந்தது. பன்னிரண்டையும் சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிட்டு, டெஸ்ட் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். அப்போது அம்மா போன் செய்தாள்.

"அக்கா, தம்பிக்கு உடனே ஆபரேஷனாம். அவன் பொண்டாட்டி ஆஸ்பத்திரி வாசல்லயே மயங்கி விழுந்துட்டா. எனக்குக் கை கால் ஓடல. நீதான் வரணும். நீதான்க்கா தாங்குவ."

பெரியம்மா நோட்டை மூடினாள். முதலாளியிடம் போய், "ஆணியில பன்னெண்டு தொங்குது. நான் வந்து வெட்டுறேன். யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்த முதலாளியை எல்லோரும் சின்ன முதலாளி என்றுதான் சொல்வார்கள். நாற்பது வயது ஆகிவிட்டது, தலையில் பாதி முடி இல்லை. பெரியம்மாவை வேலைக்கு வைத்த அவருடைய அப்பா போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. ஆனாலும் சின்னதுதான்.

அன்று சாயங்காலம் பட்டறை பூட்டுவதற்கு முன் நான் உள்ளே போனேன். ஆணியில் பன்னிரண்டு பெல்ட் தொங்கியது. ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. எப்படியும் குப்பைக்குப் போகிறதுதானே? புதிதாகத் தைத்து அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்திருக்கலாம். ஆனால் நான் யோசித்தேன். பரீட்சை எழுதிப் பாஸானவன் ஒருவன், பரீட்சையே எழுதாதவன் ஒருவன். உயிரை யாரிடம் கொடுப்பாய்? இந்த மாதிரி யோசிக்கத் தெரிந்தும் பள்ளிக்கூடம் என்னை ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்பது அதற்கே வெளிச்சம்.

வியாழக்கிழமை ஏறினேன். வெள்ளிக்கிழமை காலையிலும் ஏறினேன். அழவில்லை. மேஸ்திரி கீழே இருந்து, "பரவால்ல, கெட்டிதான்" என்றார். பின்னாலேயே மூட்டையும் வந்தது. "அப்போ அந்த ஓரத்துல யாரும் போக மாட்டேங்குறாங்க, அதையும் நீயே அடிச்சிடு." அடித்தேன். வெள்ளிக்கிழமை அரை நாள்தான் வேலை. மதியம் பையோடு வீட்டுக்கு வந்து, அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, படிக்கிற பிள்ளை மாதிரி கீழே இறங்கி வந்தேன்.

அப்போதுதான் பெரியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நின்றாள். இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிய முகம். கையில் பை. வீட்டுக்கு ஏறவில்லை. நேராகப் பட்டறைக்குள் போய் ஆணியைப் பார்த்தாள்.

"இங்க இருந்தது எங்க?"

சின்ன முதலாளி சந்தோஷமாக எழுந்து வந்தார். "பெட்டியிலதான்க்கா. எல்லாம் பேக் பண்ணி, டேப் ஒட்டி, ரெடி."

"எது பெட்டியில?"

"அதுதான், நீங்க டெஸ்ட் பண்ணினது. எண்ணிக்கை குறைஞ்சுது, நாடாவும் இல்ல. உட்கார்ந்து யோசிச்சேன்." அவர் குரலைக் கொஞ்சம் தாழ்த்தினார், பெரிய ரகசியம் சொல்கிறவர் மாதிரி. "மத்த பெல்ட் எல்லாம் யாரும் இழுத்துப் பார்க்காதது. இதுங்க மட்டும்தான் இழுத்தும் தாங்கினது. அப்போ மொத்தத்துல இதுதானே முதல் தரம்? இத்தனை வருஷமா முதல் தரத்தைக் குப்பையில போட்டிருக்கோம்க்கா!"

அவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றுதான் வாய் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. இது எனக்குப் புதன்கிழமையே வந்த யோசனை.

பெரியம்மா பையைக் கீழே வைத்தாள். நாடா அறுக்கிற கத்தியை எடுத்து, முதல் பெட்டியின் டேப்பை ஒரே இழுப்பில் கிழித்தாள்.

"அக்கா! என்ன பண்றீங்க? நாலு மணிக்கு லாரி!"

"அதுக்குள்ள பார்த்துடலாம். டேப்பு கொண்டாடி, அளக்குற டேப்பு." பிற்பாதி எனக்கு.

வளையத்திலிருந்து முதல் தையல் வரைக்கும் அளக்கச் சொன்னாள். ஒரு முனையை நான் பிடித்தேன். பத்தொன்பது பெல்ட் ஒரே நீளம். இருபதாவது ஒரு சுண்டுவிரல் அகலம் கூடுதல். அதைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"இதுதான் வித்தியாசமா?" என்றார் சின்ன முதலாளி. "ஒரு விரல். ஒரு விரல் நீண்டா என்ன குறைஞ்சுபோச்சு?"

"உள்ள இருக்குற நூல் எங்கெங்க விட்டிருக்குன்னு தெரியாது. அடுத்த தடவை தாங்கலாம், தாங்காமலும் போகலாம்."

"தாங்கிடுச்சே!"

"ஒரு தடவை."

சின்ன முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு, குரலைக் குழைத்தார். பட்டறையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. இலவசமாகச் சண்டை பார்க்கிற வாய்ப்பை யாரும் விட மாட்டார்கள்.

"அக்கா, உங்களையே எடுத்துக்கோங்க. எவ்வளவு பட்டிருப்பீங்க? வீட்டுக்காரர் நாலு வருஷம் படுக்கையில. அப்புறம் மாமனார். இப்போ தம்பி. எதுலயாவது ஒடிஞ்சீங்களா? பட்டுப் பட்டு இன்னும் கெட்டியாத்தானே ஆனீங்க? பெல்ட்டும் அப்படித்தான்க்கா. நான் சொல்றது தப்பா?"

பெரியம்மா இரண்டாவது பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"நான் ஒடியலன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

எல்லோரும் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தையல்காரிகளில் ஒருத்திக்கு ஆம்பளைக் கட்டைக்குரல், ஊரையே கூப்பிடுகிற வாய். அவளும் நூலைக் கத்தரிக்கிற மாதிரி குனிந்துகொண்டாள். நான் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியம்மா ஒடிந்து நான் பார்த்ததில்லை. ஆனால் சில நாள் படி ஏறும்போது, பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எதையோ எண்ணுகிற மாதிரி உதட்டை அசைப்பாள். நான் மேலே நின்று, "என்ன பெரியம்மா, பெட்ரோல் தீர்ந்துபோச்சா?" என்பேன். "போடி குரங்கு" என்று மறுபடி ஏறுவாள். அப்படிச் சொன்னால்தான் ஏறுவாள் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்வேன்.

மூன்று பெட்டியிலிருந்து மூன்று பெல்ட் கிடைத்தது. "வாங்க, உங்க முதல் தரத்தை இழுத்துப் பார்க்கலாம்" என்று சின்ன முதலாளியைச் சட்டத்துக்கு அழைத்தாள்.

முதல் பெல்ட்டை மாட்டி அடித்தாள். முள் சிவப்புக் கோட்டுக்கு வந்தது. மூன்று நிமிடம். தாங்கியது. "பார்த்தீங்களா!" என்றார் அவர். இரண்டாவது. அதுவும் தாங்கியது. சின்ன முதலாளி எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார், ஓட்டுப் போட்டு ஜெயித்தவர் மாதிரி. எனக்கு அப்போது அவர்மேல் ரொம்பப் பிரியமாக இருந்தது. மனுஷன் ஜெயித்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

மூன்றாவது பெல்ட். முள் சிவப்புக்குப் பாதி தூரம்கூட வரவில்லை. வெடித்த மாதிரி ஒரு சத்தம். பக்கிள் பறந்து போய்ச் சுவரில் அடித்து, பூச்சைப் பெயர்த்துக்கொண்டு கீழே விழுந்தது. பிய்ந்த நாடா சட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ" என்றாள் கட்டைக்குரல், முதல் தடவையாக மெல்லிய குரலில்.

நான் அங்கே இல்லை. அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் ஓரத்தில், யாரும் போகாத அந்த ஓரத்தில், பலகைமேல் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு யாரையும் யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எட்டுப் பேரும் மெஷினை விட்டு எழுந்து வந்து மிச்சப் பெட்டிகளைப் பிரித்தார்கள். இரண்டு இரண்டு பேராக அளந்தார்கள். சின்ன முதலாளியே தரையில் உட்கார்ந்து ஒரு பெட்டியை அளந்தார். நீண்டது கிடைக்கக் கிடைக்க பெரியம்மா வெட்டினாள். சாணை பிடித்து வந்த கத்தரி வெண்ணெயில் போகிற மாதிரி போனது. ஏழு, எட்டு, ஒன்பது. மூன்றே முக்காலுக்குப் பதினொன்று. பன்னிரண்டாவது பெட்டியில் பத்தொன்பதுதான் இருந்தது, பத்தொன்பதும் சரியான நீளம்.

"ஒண்ணு குறையுது" என்றாள்.

"ஆணியில பதினொண்ணுதான் தொங்குச்சு. நானே எடுத்து வெச்சேன். கடைசிப் பெட்டியில ஒண்ணு குறையவும், தைக்கும்போதே எண்ணிக்கை தப்பிடுச்சுன்னு நினைச்சேன்" என்றார் சின்ன முதலாளி.

பெரியம்மா டெஸ்ட் நோட்டைத் திறந்து அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். பன்னிரண்டு வரி. எல்லாப் பெட்டியையும் மறுபடி அளக்கச் சொன்னாள்.

அதற்குள் லாரி வந்துவிட்டது. டிரைவர் தலையை நீட்டி, "ஏத்தலாமா, இல்ல நான் ஒரு தூக்கம் போட்டுட்டு வரவா?" என்றார். இரண்டாவது தடவை அளந்தும் வரவில்லை. மணி நாலரை.

"அக்கா, போதும்" என்றார் சின்ன முதலாளி. இப்போது குரலில் குழைவு இல்லை. "நீங்க சொன்னது சரி, நான் ஒத்துக்கிறேன். பதினொண்ணை வெட்டியாச்சு. ஒண்ணு எங்கயோ போச்சு. ஒண்ணுதானே? விடுங்க."

"ஒண்ணுதான். ஒரு இடுப்புக்கு ஒண்ணுதான் கட்டுவாங்க."

"லாரி இப்போ கிளம்பலன்னா நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

ஷட்டருக்கு நேர் நடுவில் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள் பெரியம்மா. உட்கார்ந்தபோது முழங்காலில் சத்தம் கேட்டது. "வரணுமா வேண்டாமான்னு நாளைக்குப் பேசிக்கலாம். இன்னைக்கு நான் இங்கதான் இருக்கேன். அது கிடைக்காம ஒரு பெட்டி இந்த வாசலைத் தாண்டாது. வேணும்னா என்னையும் சேர்த்து ஏத்துங்க."

"பெரிய பிடிவாதக்காரியா இருக்கியேம்மா" என்றார் லாரி டிரைவர், ஒரு மாதிரி மரியாதையோடு.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். "பெரியம்மா, அது என்கிட்ட இருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். அஞ்சு வார்த்தைகூட இல்லை. ஆனால் சொன்னால் கம்ப்யூட்டர் வகுப்பு போகும், சுவர் போகும், மேஸ்திரி கீழே நின்று சிரிப்பார். சொல்லாவிட்டால் இவள் வேலை போகும். அதனால் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தேன். எனக்கு எப்போதும் மூன்றாவது வழிதான் கிடைக்கும், அதனால்தான் இப்படி இருக்கிறேன்.

தண்ணீர் குடிக்கிற மாதிரி மேலே போனேன். பெல்ட்டைச் சுருட்டி, துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு இறங்கினேன். எல்லோரும் வாசலில் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் பெட்டி அடுக்கியிருந்த இடத்தில் குனிந்து, சுவர் ஓரமாகப் போட்டு, ஒரு காலால் உள்ளே தள்ளிவிட்டுக் கத்தினேன்.

"இந்தா இருக்கு! பெட்டிக்கும் சுவருக்கும் நடுவுல விழுந்து கிடக்கு!"

எல்லோர் மூச்சும் ஒன்றாக வெளியே வந்தது. சின்ன முதலாளி, "நான்தான் சொன்னேனே, எங்கயும் போயிருக்காதுன்னு" என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பெரியம்மா பெல்ட்டை வாங்கி, வளையத்திலிருந்து தையல் வரை அளந்தாள். சுண்டுவிரல் அகலம் கூடுதல். தலையை ஆட்டினாள். பெட்டியை விட்டு எழுந்தாள்.

இருநூற்று இருபத்தெட்டு பெல்ட் லாரியில் ஏறியது. மிச்சப் பன்னிரண்டு அடுத்த வாரம் வரும் என்று சின்ன முதலாளி போனில் யாரிடமோ கெஞ்சினார். லாரி கிளம்பியது. தையல்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். போகும்போது கட்டைக்குரல் பெரியம்மாவின் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். சின்ன முதலாளி மேசையைப் பூட்டிக்கொண்டே, "புது நாடா நாளைக்குக் காலையில வருது. பன்னெண்டு தைச்சாகணும். நேரத்துக்கு வந்துடுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"பன்னெண்டு இல்ல, பதிமூணு. ஒண்ணு இழுக்க" என்றாள் பெரியம்மா.

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்.

எனக்கு விசில் அடிக்கலாம் போல இருந்தது. பெரியம்மாவின் வேலை பிழைத்தது, என் சுவர் பிழைத்தது. புதிதாக ஒரு பெல்ட் மட்டும் எங்கிருந்தாவது சம்பாதிக்க வேண்டும். அதற்கும் ஒரு வழி வராமலா போகும்? படிப்பக்கம் நகர்ந்தேன்.

பெரியம்மா கத்தரியை விரித்து, கடைசி பெல்ட்டை அதன் வாயில் வைத்தாள். வெட்டவில்லை. கத்தரியை மூடிக் கீழே வைத்தாள். பெல்ட்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இங்க வா."

போனேன்.

"பெட்டிக்கும் சுவருக்கும் நடுவுல கிடந்துச்சு?"

"ஆமா."

"அப்போ யாருடி இதுல பெயிண்ட் அடிச்சது?"

தோள்பட்டை நாடாவில் வெள்ளையாக மூன்று சொட்டு. மிளகு அளவு. காய்ந்து கெட்டியாகியிருந்தது. அவள் நகத்தால் ஒன்றைச் சுரண்டி எடுத்தாள். பிறகு என் வலது கையைத் தூக்கி, என் நகத்தைப் பார்த்தாள். கீபோர்டு பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அந்தப் பெல்ட்டை என் இடுப்பைச் சுற்றிப் போட்டாள். நாடாவில் பக்கிள் அழுத்தி மடிந்த தடம் ஒன்று புதிதாக விழுந்திருந்தது. பக்கிளை இழுத்தாள். அது தேடாமல் கொள்ளாமல், வீட்டுக்குத் திரும்பி வந்த மாடு மாதிரி, அந்தத் தடத்திலேயே போய் உட்கார்ந்தது. எனக்கு இறுக்கமும் இல்லை, தளர்ச்சியும் இல்லை.

அவள் இரண்டு விரலை என் இடுப்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நுழைத்து நாடாவைப் பிடித்துக்கொண்டாள். விட மாட்டாள் போலிருந்தது.

"எத்தனாவது மாடி?"

"என்ன மாடி?"

அடிக்கப் போகிறாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். அடிக்கவில்லை.

"ரெண்டாவது" என்றேன்.

முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனாவது மாடி?"